தென்னை உயரத்தில் எங்கள் தெரு

1

வருகிற வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போகவேண்டும். இந்த நாட்டில் ஒருவர் வேலையில் இருபது வருடம் முடித்தால் மற்றவர்கள் அவருக்குக் கேக் வெட்டமாட்டார்கள். அவர்தான் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும். பிறந்தநாளுக்கும் இதே வழக்கம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. என் முதல் பிறந்தநாளன்று யாராவது கேக்கோடு வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அவர்களும் என் மேசையைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தார்கள். கடைசியில் எல்லோரும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

கேக்கோடு பத்து நிமிடம் பேசவும் வேண்டும். "நீ போட்ட வரைபடங்களிலேயே உனக்குப் பிடித்தது எது, அதைப் பற்றிப் பேசு" என்று என் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். நான் வெள்ள வரைபடம் போடுகிறவள். ஆறு பெருகினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினியில் ஓடவிட்டுப் பார்த்து, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பும் ஆபத்தில்லாத இடத்துக்குப் பச்சையும் அடிப்பது என் பிழைப்பு. நெதர்லாந்தில் இந்தப் பிழைப்புக்குக் குறைவே வராது. நான் குடியிருக்கும் வீடே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதை முதலில் கேட்டபோது என் அண்ணன், "வேற வீடே கிடைக்கலியா பாப்பா?" என்றான்.

பிடித்த வரைபடம் எது என்று யோசித்தால் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது நான் போட்டதிலேயே மோசமான ஒன்று. அது திருவனந்தபுரத்தில், பழவங்காடியில், அண்ணனுடைய தேங்காய்க் கடையில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் லேமினேட் செய்யப்பட்டுத் தொங்குகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

எங்கள் அப்பா திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்களை நம்பிக் கடை போட்டார். பரீட்சை எழுதப் போகிறவன், புது வண்டி வாங்கியவன், பாஸ்போர்ட் கிடைத்தவன், எல்லோரும் எங்கள் கடையில் தேங்காய் வாங்கி அங்கே கொண்டுபோய் உடைத்தார்கள். நான் வெளிநாடு போவதற்கும் அங்கேதான் உடைத்தோம். கடைத் தேங்காய் என்பதால் அப்பா எண்ணிக்கையில் தாராளமாக இருந்தார்.

வீடு கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில். ஒரு சின்னச் சந்து, மொத்தம் எட்டு வீடு. சந்துக்கு மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ், அந்தத் தமிழிலும் பாதி மலையாளம். திருநெல்வேலியில் கல்யாணத்துக்குப் போனால் எங்களை மலையாளத்தார் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பெயரால் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டுக்கும் பழகிப்போயிருந்தோம்.

பத்து வயதில் என்னால் தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லமுடியும். மாதத்துக்கொரு முறை தோப்பில் வெட்டு நடக்கும். அண்ணனும் நானும் காய் பொறுக்குவோம். தலைக்கு மேலே மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மத்தியானத்திலும் தரையில் வெயில் விழாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தென்னையைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் செய்த தப்பு இல்லை இது என்பதற்காகத்தான்.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் கூப்பிட்டான். எங்கள் வார்டில் ஷீபா என்று ஒரு பெண் இருக்கிறாள். தையல் கடை வைத்திருக்கிறாள். மழை அளப்பது, ஓடையில் குப்பை அடைக்காமல் பார்ப்பது, பருவநிலை மாறுகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது, இதற்காக நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு திரிகிறவள். அவள் வந்து, பெரிய மழை வந்தால் எங்கள் சந்து தாங்காது, முன்கூட்டியே கிளம்பத் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அவ சொல்லுதது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. நீ உலகத்துக்கே பாத்துச் சொல்லுத. நம்ம தெருவ ஒருக்க பாரு பாப்பா" என்றான் அண்ணன்.

பார்க்க வேண்டுமென்றால் தரையின் உயரம் தெரியவேண்டும். நெதர்லாந்தில் வீட்டுச் சுவர்களிலும் பாலங்களிலும் சின்ன வெண்கலக் குமிழ்களைப் பதித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குமிழின் உயரத்தையும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் அப்படியில்லை. துல்லியமான உயர விவரத்துக்கு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். படிவத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் இருந்தது. என் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உண்மையைத்தானே எழுதவேண்டும், எழுதினேன். வெளிநாட்டவருக்குத் தர விதியில்லை என்று மரியாதையான ஒரு பதில் வந்தது. அந்த அலுவலரைக் குறை சொல்லமாட்டேன். விதி அப்படி. ஆனாலும் நான் தவழ்ந்த தரை எவ்வளவு உயரம் என்று எனக்குச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

ஆகவே உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் விவரத்தை எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில், ஒரு பக்கம் சாம்பார் கொதிக்க, கணினியில் ஓடவிட்டேன். கரமனை ஆறு பெருகியது, கரையோரம் சிவந்தது, எங்கள் சந்து மட்டும் குன்று போல் எழும்பிப் பச்சையாக நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுப்பை அணைத்துவிட்டு உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். 'நம் தெருவுக்குத் தண்ணீர் வராது, பயப்படாதே' என்று கீழே எழுதினேன்.

செயற்கைக்கோள் மேலேயிருந்து பார்க்கிறது. நெருக்கமாக மரம் நிற்கும் இடத்தில் அது மரத்தின் தலையைத்தான் பார்க்கும், அதையே தரை என்று எழுதிவைக்கும். மூன்று பக்கமும் தென்னை சூழ்ந்த எங்கள் தெருவை அது தென்னை உயரத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டது. இது என் துறையில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மரத்தின் உயரத்தைக் கழிக்காமல் நான் எந்த அலுவலகத்துக்கும் வரைபடம் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். அண்ணனுக்குத்தானே என்று சரிபார்க்காமல் அனுப்பினேன். பச்சையாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன், பச்சையாக வந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

4

அடுத்த வருடத்து மழையில் ஆறு கரை தாண்டியது. இரண்டு நாள் அண்ணனுக்குப் போன் போகவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்ல பாப்பா. கொஞ்சம் ஈரம். கரண்ட் இல்லாததுனால போன் செத்துப்போச்சு."

"தண்ணி உள்ள வந்துச்சா?"

"வந்துச்சு, போயிட்டு. மதினி தொடச்சுக்கிட்டு இருக்கா."

மதினி என்பது கோமதி மதினி, அண்ணன் மனைவி. பின்னாலிருந்து அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அண்ணன், "சும்மா இரு, அவளுக்கு ஆபீஸ் நேரம்" என்று போனை வைத்துவிட்டான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கணினியைத் திறந்து பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் சந்தின் உயரம் என்று போட்டிருந்த எண்ணை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் படித்தேன். அந்த உயரத்தில் எங்கள் வீடு இருந்தால் மொட்டைமாடியிலிருந்து சங்குமுகம் கடல் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அண்ணனும் நானும் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம், அந்த வரைபடத்தைத் தவிர.

5

ஜனவரியில் ஊருக்குக் கிளம்பினேன். மகள் மீரா வரவில்லை. அவளுக்குப் பதினேழு வயது. பருவநிலைப் போராட்டங்களுக்குப் பதாகை எழுதிக்கொண்டு போகிறவள். இனி விமானம் ஏறமாட்டேன் என்று பத்தாம் வகுப்பிலேயே சத்தியம் செய்துவிட்டாள். "மாமாவைப் பார்க்கவேண்டாமா?" என்று கேட்டால், "பார்க்கவேண்டும். அதற்காக வானத்தில் புகை விடமுடியாது" என்று டச்சில் சொல்லுவாள். தமிழில் சண்டை போடும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் வராது. டச்சில் எனக்கு வராது. அதனால் எங்கள் வீட்டில் சண்டைகள் பாதியிலேயே நின்றுபோகும்.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "வராட்டி போகுது. நாங்க ரெண்டு பேரும் அங்க வாறோம்னு சொல்லு" என்றான். சொன்னேன். "அப்போ இன்னும் ஒரு டிக்கெட் புகை கூடுதல்" என்றாள் மகள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "தேங்காய் வியாபாரி பேத்தில்லா, கணக்கு சரியாத்தான் இருக்கு."

ரயில் பிடிக்கப் போகிறவளைப்போல விமான நிலையத்திலிருந்து நேராகப் பழவங்காடிக்குப் போனேன். கடையில் அண்ணன் முற்றல் தேங்காய்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே பிள்ளையார். பிள்ளையாருக்கு வலப்பக்கம் என் வரைபடம். பச்சைப் பசேல் என்று எங்கள் சந்து. ஓரத்தில் ஒரு சாமந்திப்பூ செருகியிருந்தது.

"இதை ஏன் மாட்டியிருக்க?" என்றேன்.

"நீ அனுப்பின அன்னைக்கே பிரிண்ட் போட்டு மாட்டினது. வாறவன்கிட்டலாம் காட்டுவேன், எந்தங்கச்சி போட்டதுன்னு."

"எடுத்திரு அண்ணா."

"ஏன் எடுக்கணும்? நீ போட்டதுல்லா." அவன் ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்து ஓரமாக வைத்தான். "காப்பி குடிக்கியா?"

மிச்சக் கதையை வீட்டில் மதினி சொன்னாள். சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அதன் மேல் அவள் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. ஆறு ஏறத் தொடங்கிய காலையில் ஷீபாவும் அவள் கூட்டமும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து, ஜீப் நிற்கிறது, எட்டு வீடும் கிளம்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு மொபைலில் என் வரைபடத்தைக் காட்டியிருக்கிறான். எந்தங்கச்சி பாத்துட்டா, இங்க வராது. எட்டு வீட்டிலும் அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஒரு வீடும் கிளம்பவில்லை.

"மத்தியானத்துக்குள்ள கட்டிலுக்கு மேல ஏறிட்டு. எல்லாரும் மொட்டைமாடிக்குப் போயாச்சு. ஒரு பகலும் ஒரு ராவும் அங்கதான். என் சுகர் மாத்திரை கீழ போயிட்டு. மறுநாள் மத்தியானம் படகு வந்துதான் எங்கள இறக்குச்சு" என்றாள் மதினி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் சொல்லாதன்னு சொல்லியிருந்தாக. எனக்குத்தான் வாய் நிக்காது. சாப்பிடு, ஆறிப்போகும்" என்று தட்டில் இன்னொரு கரண்டி அவியல் வைத்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதியிருக்கமாட்டேன். எனக்கு உறைத்தது இதுதான். இன்னொரு மழை நிச்சயம் வரும். அப்போது 'கிளம்புங்கள்' என்று நான் சொன்னால் இந்த எட்டு வீட்டில் யார் நம்புவார்கள்? அண்ணன் பாசத்தில் படத்தை மாட்டி வைத்திருக்கலாம். பூ செருகுவது வேறு, மதினியைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிக் கிளம்புவது வேறு.

மறுநாள் ஷீபாவின் தையல் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டாள்.

"சேச்சி, எனக்கு தேஷ்யம், கோபம் இல்லைன்னு பறஞ்சா பொய்" என்றாள். "பத்து வருஷமா இந்த வார்டுல நடக்கேன். ஒரு படம் வெளிநாட்டுலருந்து வந்துச்சு, என் பேச்சு போச்சு. அந்தத் தோப்புல கர்க்கடக மழைக்கு, உங்க ஆடி மாசத்துல, கால் வச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும். இங்க உள்ள குட்டிப் பிள்ளைங்களுக்கும் அது தெரியும். படம் போடறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு போன் விளிச்சு கேட்டிருக்கலாம் அல்லே?"

கேட்டிருக்கலாம். அந்தத் தோப்பில் நானும்தான் முழங்கால் வரை சேறாகி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்தபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"இப்போ என்ன செய்யலாம்?" என்றேன்.

"நேரே அளக்கலாம்" என்றாள் ஷீபா.

6

ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அம்புக்குறி வெட்டிய ஒரு கல் உண்டு. பழைய நில அளவைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன உயரக் குறி. சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்து ஐஸ் தின்றிருக்கிறேன். எங்கள் ஊரின் வெண்கலக் குமிழ் அது. அதன் உயரம் பழைய பதிவேட்டில் இருக்கும். ஷீபா ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து மூன்றாம் நாள் வாங்கிவந்துவிட்டாள். அவளுக்குக் குடியுரிமைக் கட்டம் ஒரு தடையாக இல்லை.

கல்லிலிருந்து எங்கள் வாசல்படி எவ்வளவு கீழே என்று அளந்தால் போதும். அதற்கு அண்ணன் ராஜன் கொத்தனாரைக் கூட்டிவந்தான். அவரிடம் இருந்த கருவி, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப். வீடு கட்டும்போது மட்டம் பார்ப்பது. ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். என் அலுவலகத்தில் இதற்கு மூன்று கால் இயந்திரங்கள் உண்டு. ராஜன் டியூபில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தால்கூடத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையை நினைத்துக்கொண்டேன்.

எண்களைக் குறித்துக்கொள்ள மகளை வீடியோவில் கூப்பிட்டேன். விமானம் ஏறாமல் ஊருக்கு உதவ ஒரு வழி என்றதும் உடனே ஒத்துக்கொண்டாள். அண்ணன் அளவைச் சத்தமாகச் சொல்வான், அவள் அங்கே கணினியில் ஏற்றுவாள். முதல் அரைமணி நேரம் கணினியில் எங்கள் தெரு மேலே ஏறிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. டச்சில் இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்றுதான் சொல்வார்கள். மாமா இருபத்தஞ்சு என்றதை அவள் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள்.

"மக்கா, ரெண்டு எழுது, பக்கத்துல அஞ்சு எழுது" என்றான் அண்ணன்.

"ரெண்டு, பக்கத்துல அஞ்சு. சரி மாமா. நீங்க அடி சொல்லாதீங்க, சென்டிமீட்டர் மட்டும் சொல்லுங்க."

"சரி டீச்சர்."

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனி இலக்கமாகச் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். எட்டு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து கூடவே நடந்தார்கள். அவரவர் வாசல் வந்ததும் டியூப் முனையை அவரவரே பிடிக்கவேண்டும் என்று ஷீபா சொல்லிவிட்டாள். யாரும் அவள் சொல்லைத் தட்டவில்லை. சந்தின் கோடி வீட்டு ஆசிரியர், வெள்ளத்தின்போது மொட்டைமாடியிலிருந்து படகில் கடைசியாக இறங்கியவர், தன் வாசலில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார்.

சாயங்காலம் மகள் கூட்டிக் கழித்துச் சொன்னாள். என் வரைபடம் சொன்னதைவிட எங்கள் வாசல் கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம் கீழே இருந்தது. ராஜன் டியூபைச் சுருட்டிக்கொண்டே, "தென்னை நல்ல வளர்த்தியான தென்னைதான்" என்றார். அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதுவிட்டேன். மதினி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அதில் பெருங்காய வாசனை அடித்தது.

கிளம்புவதற்கு முன்பு கடையில் போய்ப் படத்தைக் கழற்றச் சொல்லி மறுபடியும் கேட்டேன். அண்ணன் கழற்றினான். நீல மார்க்கரை எடுத்து, எங்கள் சந்தின் பச்சையின் மேலே தண்ணீர் வந்த இடத்தையெல்லாம் நிதானமாக அடித்தான். அடித்துவிட்டுத் திரும்பவும் அதே ஆணியில் மாட்டினான்.

"இப்ப யாராவது கேட்டா என்ன சொல்லுவ?"

"எந்தங்கச்சி போட்டது, கொஞ்சம் நான் திருத்தியிருக்கேன்னு சொல்லுவேன்."

7

இங்கே வந்து சரியான உயரத்தை வைத்துப் புது வரைபடம் போட்டேன். இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். எங்கள் சந்து அடர் சிவப்பு. அனுப்பினேன். அண்ணன் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் பதிலாகப் போட்டான். அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

அவன் ஷீபாவின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறான். தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, குரல் பதிவாக அனுப்புகிறான். வித்துரா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும் அளந்து அனுப்புகிறாள். அங்கே மலையில் பெய்கிற மழைதான் கொஞ்ச நேரத்தில் எங்கள் சந்துக்கு வருகிறது. மீரா பள்ளிக்குக் கிளம்பும்போது மாமாவின் பதிவைக் கேட்கிறாள். "ஏழு, பக்கத்துல மூணு" என்று அவன் சொல்வதைக் கேட்டு அவளும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறாள். இப்போது எழுபத்து மூன்று என்று சரியாகச் சொல்ல வருகிறது. ஆனால் விமானத்தில் ஏறமாட்டாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை, இங்கே நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது வித்துராக்காரியின் மழை அளவு வந்தது. அவள் இதுவரை அனுப்பியதிலேயே பெரிய எண். புது வரைபடத்தில் ஓடவிட்டேன். மரத்தின் உயரம், ஓடையின் அகலம், பாலத்தின் கல், எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலைத் தாண்டும் என்று வந்தது. ஊரில் அப்போது காலை பத்து மணி. மழை விட்டு வெயில்கூட அடித்ததாகப் பின்னால் அண்ணன் சொன்னான்.

கூப்பிட்டேன். கடைச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான்.

"அண்ணா, கிளம்பணும். எட்டு வீடும். மத்தியானத்துக்குள்ள."

யாரோ தேங்காய்க்கு விலை கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா," என்றான். "தென்னையைக் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு அண்ணா."

"சரி. கடையைப் பூட்டுதேன்."

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் ஷீபா செய்தி அனுப்பினாள். அண்ணாச்சியே ஏழு வீட்டிலும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டார், கோடி வீட்டு ஆசிரியர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார், அதே கேள்விதான், அதற்கும் அண்ணாச்சி பதில் சொல்லிவிட்டார், எல்லோரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். அண்ணனும் மதினியும் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். மற்றவர்கள் உறவுக்காரர் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள்.

அன்றைக்கு அலுவலகத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் ஊரில் ஆறு ஏறியது. ஏறியது, எங்கள் வாசலில் இரண்டாவது படி வரை வந்தது, அங்கே நின்றது. பிறகு வடிந்துவிட்டது. ஒரு வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

என் தொழிலில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். வரும் என்று சொல்லி வராமல் போவது. எட்டு வீட்டுக்காரர்களை, சுகர்காரியை, வயசான ஆசிரியரை, நல்ல வெயிலில் வீட்டைவிட்டுக் கிளப்பி, ஒன்றுமில்லாமல் திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன். ஒரு தடவை வராது என்றேன், வந்தது. ஒரு தடவை வரும் என்றேன், வரவில்லை. இனி இவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்தால் நான் என்ன சொல்லமுடியும்? மறுநாள் எட்டரை மணிப் பதிவு வந்தபோது அதைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. மீராதான் தொட்டாள்.

அந்தப் பதிவைத்தான் வெள்ளிக்கிழமை கேக்கோடு கொண்டுபோகிறேன். எந்தப் படமும் காட்டப்போவதில்லை. அண்ணன் குரலை ஒலிக்கவிட்டு, அவர்கள் மொழியில் வரி வரியாகச் சொல்லப்போகிறேன். அதில் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"மழை ஒண்ணு, பக்கத்துல நாலு. தண்ணி ரெண்டாம் படியோட நின்னுட்டு பாப்பா, உள்ள வரல. எல்லாரும் திரும்பி வந்தாச்சு. லாட்ஜுல தோசை நல்லா இருந்துதாம், மதினி சொல்லுதா. அடுத்த தடவையும் முன்கூட்டியே சொல்லு, கேட்டியா. அவ பெட்டிய இன்னும் பிரிக்கல, அப்படியே வாசல்ல வச்சிருக்கா."